புயலா, தோணியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில் ஓங்கி நிற்பது புயலா, தோணியா என்பது இன்றைய கேள்வி. புயல் என்றால் இரண்டாம் உலகப் போர். தோணி, பிழைக்கப் போன இடத்தில் அதில் மாட்டிக்கொண்ட தமிழன், நாவலின் நாயகன் பாண்டியனைப் போல. நான் தோணியின் பக்கம்.

‘போர் வராவிட்டால் பாண்டியன் கடைசிவரை வட்டிக்கணக்கு எழுதிக்கொண்டிருப்பான், கதையே இருந்திருக்காது’ என்றார் எதிரணி நண்பர். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் இருந்த சுமத்ராத் தீவின் மெடான் நகரத்தில் போர் எல்லோருக்கும்தானே வந்தது? 1942 மார்ச்சில் ஜப்பானியர் வட சுமத்ராவில் இறங்கியபோது டச்சுக்காரருக்கு அது பறிபோன ஆட்சி. இந்தோனேசியருக்கோ அது நாளை தங்கள் கைக்கு வரப்போகும் நாடு. 1945 ஆகஸ்ட் 17இல் சுதந்திரத்தை அறிவித்தே விட்டார்கள். நடுவில் கடை வைத்திருந்த தமிழனுக்கு என்ன இருந்தது? ஒரு பெட்டகமும் ஒரு பேரேடும்.

அந்தப் பேரேட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மலாயாவின் பினாங்கில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளியில், அதாவது மலாயா டாலரில், கொடுத்த கடன், ஜப்பானியர் அச்சடித்த நோட்டில் திரும்பி வருகிறது. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரப் படம். போகப் போக அதில் வரிசை எண்கூட இல்லை, இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும். வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் கட்டுக்கட்டாக அத்தனையும் வெறும் காகிதம். ஊரில் நிலம் வாங்கலாம், தங்கைக்குக் கல்யாணம் செய்யலாம் என்று கடல் கடந்து உழைத்த வருடங்கள் அய்யா அந்தக் கட்டுக்குள் இருந்தவை!

அப்புறம், பாண்டியன் துப்பாக்கி ஏந்துவதைப் புயலின் கணக்கில் எழுதுகிறார்கள். நேதாஜியின் படையில் சேர்கிறான். பிறகு டச்சுக்காரரை எதிர்க்கும் இந்தோனேசியக் கொரில்லாக்களோடு நிற்கிறான். சொந்த மண்ணில் இருப்பவன் இப்படிக் கொடி மாற்றிக் கொடி பிடிக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் நடுவில் அவன் நினைவில் வருவது சொந்த ஊரான சின்னமங்கலத்துச் சந்தையும் மதுரைத் தெருக்களும். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்குப் பீரங்கிச் சத்தம் கேட்கவே இல்லை.

எழுதியவரையும் பாருங்கள். 1938இல் மெடானுக்குப் போன சிங்காரம், மனைவியையும் குழந்தையையும் அங்கே பிரசவத்தில் பறிகொடுத்தார். 1946இல் திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. விடுதி அறை ஒன்றில் பல பத்தாண்டுகள் தனியாகவே வாழ்ந்தார். நாவல் அச்சானது 1972இல். அதற்குள் போர் ஓய்ந்து 27 வருடங்கள் ஆகிவிட்டன. அவர் நினைத்து ஏங்கிய அதே மதுரைதான், ஆனாலும் அந்த ஒற்றை அறைதான் அவருக்கு வீடு.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்த அறையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.