டிஸ்ப்ளே வராத விஎஃப்டி: போர்டை மாற்றும் முன்

வணக்கம். மேசைமேல் இருப்பது 20 எச்பி விஎஃப்டி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஹியூமிடிஃபிகேஷன் (காற்றை ஈரப்படுத்தும்) ஃபேனை ஓட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்திருக்கிறார்கள். திங்கள் காலை போட்டால் டிஸ்ப்ளேவே இல்லை. "கன்ட்ரோல் போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்படிச் சொன்னாலே எனக்குச் சந்தேகம்தான். பிராசசர் அவ்வளவு சீக்கிரம் சாகாது. அதற்குச் சோறு போடுகிற சப்ளைதான் முதலில் படுக்கும்.

கவரைத் திறக்கும் முன் ஒன்று. 415 வோல்ட் உள்ளே போனால், அந்த ஏசியை டிசியாக்கித் தேக்கி வைக்கும் டிசி பஸ்ஸில் சுமார் 585 வோல்ட் நிற்கும். அணைத்த பிறகு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று மூடியிலேயே எழுதியிருக்கும். காத்திருந்த பிறகும் பிளஸ், மைனஸில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சார்ஜ் லைட் அணைந்துவிட்டதே என்று நம்பாதீர்கள், அந்த எல்இடியே போயிருக்கலாம்.

முதலில் பவர் பக்கம். மீட்டரை டயோட் மோடில் வைத்து மின்சாரம் உள்ளே வரும் ஆர், எஸ், டி மூன்றையும் பார்க்கிறேன், அப்புறம் மோட்டாருக்குப் போகும் யூ, வி, டபிள்யூ. ஒரு திசையில் 0.4 பக்கம் காட்டுகிறது, எதிர்த்திசையில் ஓப்பன். மூன்று பேஸும் ஒன்றுபோல இருக்கின்றன. சரி, மோட்டாருக்குப் பவரைத் திறந்து மூடும் ஐஜிபிடி தப்பித்தது.

இப்போது கன்ட்ரோல் வயர் டெர்மினலையும் கூலிங் ஃபேன் பிளக்கையும் கழற்றிவிடுகிறேன். வெளியே ஏதாவது சென்சார் வயர் 24 வோல்ட்டை ஷார்ட் செய்திருந்தாலும், பஞ்சு அடைத்து ஃபேன் இறுகியிருந்தாலும் சப்ளை முழுக்கப் படுத்துவிடும். போர்டு மேல் ஒரு குற்றமும் இருக்காது.

பவர் கொடுப்பது 230 வோல்ட் சிங்கிள் பேஸில், சீரிஸில் 100 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு உதவாது. பாருங்கள், பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டது. பெரிய ஷார்ட் இல்லை. ஆனால் ஒரு சத்தம் கேட்கிறதா? டிக்... டிக்... டிக். எஸ்எம்பிஎஸ், அதாவது கன்ட்ரோல் போர்டுக்குச் சோறு போடுகிற அந்தச் சப்ளை, எழப் பார்த்து விழுகிறது. நோய் இங்கேதான்.

இந்தச் சப்ளையை நடத்துவது யூசி 3844 ஐசி. சப்ளை காலில் 16 வோல்ட் ஏறினால் கிளம்பும், 10 வோல்ட்டுக்கு இறங்கினால் நின்றுவிடும். கிளம்பிய பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் துணை வைண்டிங் அதற்குச் சப்ளை கொடுக்க வேண்டும். அது கைகொடுக்கும்வரை தாங்குவது பக்கத்தில் உள்ள இந்தச் சின்ன 47 மைக்ரோஃபாரட் கேப்பாசிட்டர். சூட்டில் அது காய்ந்துபோனால் தாங்காது. ஓடிக்கொண்டிருந்தவரை வைண்டிங் காப்பாற்றியது. அணைத்துப் போட்டதும்தான் குட்டு வெளிப்பட்டது. லீவு முடிந்து வராத டிரைவ் என்றால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

சாதாரண மீட்டரில் இது 40 மைக்ரோஃபாரட் காட்டும், நல்லதுபோலவே தெரியும். இஎஸ்ஆரை, அதாவது கேப்பாசிட்டரின் உள் எதிர்ப்பை, அளக்கும் மீட்டரில் வைத்தால்தான் வண்டவாளம் தெரியும். ஹாட் ஏரை லேசாகக் காட்டிப் பவர் கொடுத்தால்... இதோ, டிஸ்ப்ளே வந்துவிட்டது! சூட்டில் இஎஸ்ஆர் குறைகிறது, அவ்வளவுதான். இது வைத்தியம் இல்லை, இந்தக் கேப்பாசிட்டர்தான் என்பதற்குச் சாட்சி.

105 டிகிரி, லோ இஎஸ்ஆர் வகையாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். அதே வயதுள்ள மற்ற சின்ன எலக்ட்ரோலிட்டிக் கேப்பாசிட்டர்களையும் மாற்றியாச்சு. 5, 15, 24 வோல்ட் மூன்றும் அசையாமல் நிற்கின்றன. சிங்கிள் பேஸில் அண்டர் வோல்டேஜ் என்று காட்டுகிறது, அது சரியான பதில்தான்.

கடைசியாக 415 வோல்ட் கொடுத்து, டிஸ்ப்ளே சொல்லும் டிசி வோல்டேஜையும் மீட்டரில் வருவதையும் ஒப்பிடுகிறேன். மீட்டரில் 585, டிஸ்ப்ளேயில் 430 என்று வந்தால், பஸ்ஸிலிருந்து இறங்கும் சென்சிங் ரெசிஸ்டர் வரிசையில் ஏதோ ஒன்று மதிப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். இதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. பஞ்சைத் துடைத்து, புது ஃபேன் போட்டு, சின்ன மோட்டாரில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவேன்.