முனி அடிச்ச ஊர்ல காணாமப் போன பொண்ணுங்க: தேடலை எங்கிருந்து தொடங்கணும்?

[திரையில்: கண்மாய்க்கரை, பட்டப்பகல்]

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர்னு வச்சுக்கோங்க. வெளியூர்ல வேலை பார்க்கிற பொண்ணு ஒருத்தி பல வருஷம் கழிச்சு பிறந்த ஊருக்கு வர்றா. அவகூட படிச்ச சிலரைக் காணோம். கேட்டா, "முனி அடிச்சிருச்சு"ங்கிறாங்க.

தேடலை அந்த முனியிலிருந்தே தொடங்கலாம். நம்பவும் வேண்டாம், சிரிச்சு ஒதுக்கவும் வேண்டாம். இந்தப் பேச்சு எப்போ கிளம்புச்சு, முதல்ல சொன்னது யாரு, எந்த இடத்துக்குப் போகக் கூடாதுங்கிறாங்க, இதைக் கேட்டாப் போதும். ஊரெல்லாம் விட்டுட்டு ஒரே ஒரு தோட்டத்துக் கிணத்துல மட்டும் பேய் குடியிருந்தா, அந்த நிலத்துப் பட்டா யார் பேர்ல இருக்குன்னு பார்த்துடணும்.

[திரையில்: பஞ்சாங்கம்]

ஊர்ல யாரும் தேதி சொல்ல மாட்டாங்க. "அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முந்தின வாரம்"பாங்க. அழகர் இறங்குறது சித்ரா பௌர்ணமி. அந்த வருஷப் பஞ்சாங்கத்துல தேதி கிடைச்சிரும். "அழகர் ஆத்துக்கே வராத வருஷம்"னா, கொரோனா காலம்: 2020 இல்லைன்னா 2021.

எங்க கேட்கிறோங்கிறதும் முக்கியம். வீட்டுல வச்சுக் கேட்டா பக்கத்துல ஆம்பளைங்க நிப்பாங்க, காணாமப் போன பொண்ணோட அம்மா வாயே திறக்காது. நூறு நாள் வேலை நடக்கிற இடத்துல பேச்சு தானா வரும். டீக்கடை மட்டும் வேண்டவே வேண்டாம். பொழுது சாயறதுக்குள்ள, போகக் கூடாத காதுக்குப் போயிரும்.

புரோக்கர் யாராவது வந்தாங்களான்னும் விசாரிக்கணும். கல்யாணச் செலவுக்குப் பணம்னு ஆசை காட்டி, மூணு வருஷ ஒப்பந்தத்துல பொண்ணுங்களை நூல் மில்லுக்குக் கூட்டிட்டுப் போன 'சுமங்கலித் திட்டம்' இந்தப் பக்கத்துக்குப் புதுசில்ல. பேய் பிடிச்சதா சொல்ற பொண்ணு ஏதாவது மில் விடுதியில இருந்திருக்கலாம்.

[திரையில்: போலீஸ் ஸ்டேஷன் வாசல்]

அடுத்தது காகிதம். பல குடும்பங்கள் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிட்டு வழக்குப் போட்டாச்சுன்னு நினைச்சிருக்கும். அது மனு வந்ததுக்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். இல்ல. காணாமப் போனது 18 வயசுக்குக் கீழன்னா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும், கடத்தல்னு எடுத்துக்கிட்டுத்தான் விசாரிக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2013-லயே சொல்லிருச்சு. வயசுக்கு ஆதாரம் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. நாலு மாசத்துல கண்டுபிடிக்கலன்னா வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு அனுப்பணும்னு மத்திய உள்துறையோட வழிகாட்டுதலும் இருக்கு.

கிணத்துலயோ கண்மாயிலயோ கிடைச்ச அடையாளம் தெரியாத சடலங்களோட வழக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கணும். இங்கதான் பல தேடல் முட்டி நிக்குது. உசிலம்பட்டி மதுரை மாவட்டம், அதைத் தாண்டி ஆண்டிபட்டிப் பக்கம் போயிட்டா தேனி மாவட்டம். புகார் ஒரு ஸ்டேஷன்லயும் சடலம் இன்னொரு ஸ்டேஷன்லயும் பதிவாகி, ரெண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்காமலே போயிரும்.

தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய்க் கட்டணத்தோட மனுப் போடலாம், 30 நாள்ல பதில் வரணும். "விசாரணை விவரம் கொடுங்க"ன்னு கேட்டா, விசாரணைக்கு இடைஞ்சல்னு 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்துருவாங்க. வருஷவாரியா எத்தனை புகார், எத்தனை எஃப்.ஐ.ஆர்., எத்தனை முடிச்சு வைக்கப்பட்டதுன்னு எண்ணிக்கையா கேளுங்க.

யாரோ அடைச்சு வச்சிருக்காங்கன்னு சந்தேகிக்கக் காரணம் இருந்தா, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில ஆட்கொணர்வு மனு. வெறும் "காணோம்"னு மட்டும் போனா மனு நிக்கிறது கஷ்டம்.

பொண்ணு கிடைச்சுட்டா, வாட்ஸ்அப்ல சுத்தவிட்ட போட்டோவை முதல்ல எடுக்கச் சொல்லுங்க. போக்சோ வழக்கா மாறினா, அவ பேரையோ படத்தையோ ஊரையோ வெளியிடுறதே குற்றம்.