யார் சொன்னது?

நண்பர்களே, யாராவது ஒரு பழைய கதையை எடுத்துவிட்டால் "உனக்கு யார் சொன்னது?" என்றுதானே முதலில் கேட்போம், அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு எழுத்துமுறையை உண்டாக்கியவர்கள் முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள். எனக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார் என்று நபிமொழிகளான ஹதீஸுக்கு வைத்திருந்த அதே அறிவிப்பாளர் வரிசையை, இஸ்னாதை, போர்களுக்கும் கலீஃபாக்களின் கதைக்கும் போட்டு எழுதினார்கள்.

இதில் பெரிய ஆள் இமாம் தபரி, 923இல் பக்தாதில் இறந்தவர். அவர் எழுதிய வரலாறு ஆங்கில மொழிபெயர்ப்பில் 40 தொகுதிகள். படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றும். ஒரே சம்பவத்துக்கு மூன்று நான்கு அறிவிப்புகள் வரும், ஒன்றோடொன்று மோதும், எது சரி என்று மனிதர் பெரும்பாலும் வாயே திறக்க மாட்டார். முன்னுரையிலேயே கைகழுவிவிடுகிறார்: இதில் ஏற்க முடியாத செய்தி இருந்தால் அது நான் சொன்னதல்ல, எனக்குச் சொன்னவர்கள் சொன்னது. தப்பித்துக்கொள்கிறார் என்பார்கள், எனக்கு நேர்மையாகத்தான் படுகிறது. அப்படி வெட்டாமல் வைத்ததால்தான் அபூ மிக்னஃப் போன்ற முந்தைய வரலாற்றாசிரியர்களின் தொலைந்துபோன நூல்களில் பாதியாவது நமக்குக் கிடைக்கிறது.

சரி, சொன்னவர் நம்பகமானவர், ஆனால் சொன்ன செய்தி நடக்கவே முடியாதது என்றால்? 1377இல் அல்ஜீரியக் கோட்டை ஒன்றில் ஒதுங்கி இருந்து, ஐந்தே மாதத்தில் தன் வரலாற்று நூலின் முன்னுரையான முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் இங்கேதான் வருகிறார். மூஸா நபியின் படையில் 6 லட்சம் பேருக்கு மேல் என்று முந்தைய வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதியதை எடுத்துவைத்துக் கணக்குப் போடுகிறார். யஅகூப் நபியோடு எகிப்துக்குள் வந்தவர்கள் 70 பேர், நடுவில் நான்கு தலைமுறை, அதற்குள் இவ்வளவா? அத்தனை பேரை வரிசையாக நிறுத்தினால் ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியாதே, எப்படிச் சண்டை போடுவது?

இதே மனிதர் 1401இல், எழுபதை நெருங்கும் வயதில், திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகர மதிலிலிருந்து கயிற்றில் இறங்கிப் போய், ஊரை முற்றுகையிட்டிருந்த மத்திய ஆசியப் படையெடுப்பாளர் தைமூரைச் சந்தித்தார். தைமூர் பேச்சுவாக்கில் இவருடைய கோவேறு கழுதையை விலைக்குக் கேட்டார். அவரிடம் போய் யார் விலை பேசுவது? சும்மாவே கொடுத்துவிட்டார். எகிப்து திரும்பிய பிறகு அதற்கான பணம் தூதர் மூலம் வந்தது, சுல்தானிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். தொகையில் கொஞ்சம் குறைந்ததாம். கொண்டுவந்தவர், என்னிடம் கொடுத்ததே இவ்வளவுதான் என்றாராம். யார் சொன்னது என்கிறீர்களா? அவரே தன் சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார்.