பிரிவதென்றால் பேசிப் பிரியட்டும்

நடுவர் ஐயா, களுவாஞ்சிகுடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, வணக்கம். பிரிவதென்று முடிவான புருசன் பெண்சாதி வழக்காடித் தீர்ப்பதா, பேசித் தீர்ப்பதா? பேசித் தீர்க்கட்டும் என்கிறது எங்கள் அணி.

எதிரணி அக்கா கேட்டார், நீதிமன்றம் போகாமல் விவாகரத்து கிடைக்குமா என்று. இலங்கையின் பொதுச் சட்டத்தில் கலியாணம் முடித்தவர்களுக்குக் கிடைக்காது. மாவட்ட நீதிமன்றம்தான் தீர்ப்புத் தர வேண்டும். காத்தான்குடி முஸ்லிம் சகோதரர்களுக்குக் காதி நீதிமன்றம், அது 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி. சரி, ஆனால் தீர்ப்பு வாங்கப் போவது வேறு, சண்டை பிடிக்கப் போவது வேறு.

1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுச் சட்டம் சொல்லும் காரணங்களைப் பாருங்கள்: சோரம் (கலியாணத்துக்கு வெளியே தொடர்பு), வன்மத்தோடு கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. இருவருக்கும் ஒத்துவரவில்லை என்பது அதில் இல்லை. ஆக, ஒருவர் மேல் மற்றவர் குற்றம் நிரூபிக்க வேண்டியதே போதுமான வேதனை. அதோடு பிள்ளை, நகை, வீடு எல்லாவற்றையும் சேர்த்து வழக்காடினால் மாமியும் மச்சானும் சாட்சிக் கூண்டில் ஏறி, தவணை தவணையாக ஊரே கேட்கும்படி பேசுவார்கள், அதைக் கேட்டுக்கொண்டுதான் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும்.

வீட்டு விசயத்துக்கு வருகிறேன், எங்கள் பகுதியில் சண்டையே அங்கேதான். இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனம், காணி உறுதிப் பத்திரம் அவள் பேரில், மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுகிறார். பிறகு கட்டாருக்குப் போய் உழைத்து அனுப்பிய காசில் மேல்மாடி எழும்புகிறது. பிரியும்போது "என் வியர்வை" என்கிறார் அவர், "என் தாய் தந்த வளவு" என்கிறாள் இவள். இரண்டுமே உண்மை! வழக்கில் யாரோ ஒருவர் தோற்க வேண்டும். இரண்டு பக்கச் சட்டத்தரணிகளையும் வைத்துப் பேசினால், வீடு அவளுக்கும் பிள்ளைகளுக்கும், அவர் போட்ட காசில் இவ்வளவை இத்தனை வருசத்தில் திருப்புவது என்று எழுதலாம். பிள்ளை யாரோடு, விடுமுறையில் எங்கே, மாதம் எவ்வளவு தாபரிப்பு, எல்லாம் எழுதி ஒப்பமிட்டு நீதிமன்றத்தில் பதியக் கேட்கலாம். வாய்ப்பேச்சோடு விடவே கூடாது. காசு வராமல் போனால் 1999ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றம் போகும் வழி அப்போதும் திறந்தே இருக்கிறது.

அடிவாங்கும் பெண்ணையும் பேசச் சொல்வீர்களா என்றார் எதிரணித் தம்பி. சொல்லவே மாட்டோம். அவள் இன்றைக்கே 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்கட்டும், நாங்களும் கூடப் போவோம். பயத்தோடு இருப்பவளை மேசைக்கு இழுப்பது பேச்சுவார்த்தை இல்லை.

எதிரணி எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: வழக்கில் வென்றவரும் தோற்றவரும் நாளைக்கு மகளின் சாமத்தியச் சடங்கில் ஒரே பந்தலில் நிற்க வேண்டுமே, அதற்கு எந்தத் தீர்ப்பில் இடம் வைத்திருக்கிறீர்கள்?