பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரியில் 15 வருடமாகக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். ஃபைல் பெயரில் கேப்பிட்டல் எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றா, வேறா? இன்று இதைத்தான் பேச வந்தேன்.

காவேரிப்பட்டணத்துப் பையன் ஒருவன், தன் மாமாவின் மாங்காய் மண்டிக்கு ஓர் இணையப்பக்கம் செய்தான். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா என்று ஒவ்வொன்றுக்கும் கேமராவில் எடுத்த படம். வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாம் பளிச்சென்று வந்தது. இணையத்தில் பக்கத்தை எல்லோருக்கும் காட்டும் கம்ப்யூட்டரான சர்வரில் ஏற்றிவிட்டு மண்டிக்குப் போய் போனில் திறந்தால் வெறும் கட்டங்கள். "என்ன மாப்ளே, விலை இருக்கு, காயைக் காணோமே?" என்றாராம் மாமா. முகம் சுண்டிப்போய் என்னிடம் வந்தான்.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தோம். படங்களை அழித்து மறுபடி ஏற்றினோம். கடைசியில் பெயரை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தபோதுதான் பிடிபட்டது. இது படம் என்று காட்டப் பெயரின் வாலில் வரும் ஜேபிஜியைக் கேமரா கேப்பிட்டலில் போட்டிருந்தது. பையன் தன் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தான். கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்களில் விண்டோஸும் மேக்கும் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் என்ற இன்னொன்று எடுத்துக்கொள்ளாது. சர்வரில் இருந்தது லினக்ஸ்.

இதைக் கேட்டதும் லினக்ஸைத்தான் குறை சொல்லத் தோன்றும். நான் சொல்ல மாட்டேன். வீட்டுக் கம்ப்யூட்டரும் இப்படிக் கறாராக இருந்து, வீட்டிலேயே "பெயர் தப்பு" என்று தெரிந்திருந்தால் அங்கேயே திருத்தியிருப்போம், மண்டியில் தலைகுனிய வேண்டியிருந்திருக்காது.

நம் பஸ்களையே பாருங்கள். ஒரு போர்டில் தருமபுரி, இன்னொன்றில் தர்மபுரி. கண்டக்டர் எப்படிச் சொன்னாலும் ஏற்றிக்கொள்வார், அது சரி. ஆனால் பத்திரத்தில் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் விட மாட்டார்கள், அதுவும் சரி. தேடுகிற இடம் கண்டக்டர் மாதிரி விட்டுக்கொடுக்கட்டும். சேமிக்கிற இடம் பத்திரம் மாதிரி இருக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: தேடும்போது தாராளம், சேமிக்கும்போது கறார்.

ஏன் இவ்வளவு கறார்? கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது ஓர் எண். ஆங்கிலத்தின் பெரிய ஏ 65, சின்ன ஏ 97. இரண்டும் ஒன்று என்பது மொழி சொல்கிற விதி, அது ஊருக்கு ஊர் மாறும். துருக்கி மொழியில் புள்ளி வைத்த ஆங்கில ஐ போன்ற எழுத்தும் புள்ளி இல்லாத ஐயும் தனித்தனி எழுத்துகள். புள்ளி வைத்ததைக் கேப்பிட்டல் ஆக்கினாலும் புள்ளி போகாது. எந்த ஊர் விதியை வட்டுக்குள் வைப்பது? நம் தமிழில் இந்தப் பெரிசு சின்னதே கிடையாது.

ஆபத்தும் உண்டு. 2014 டிசம்பரில், புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில் ஓர் ஓட்டை தெரியவந்தது. தன் ரகசிய ஃபோல்டரின் பெயரைச் சின்ன எழுத்தில் மட்டும் அது காவல் காத்தது. யாராவது அந்தப் பெயரில் ஓர் எழுத்தைக் கேப்பிட்டலாக்கி ஃபைல் அனுப்பினால், அது காவலைத் தாண்டிவிடும். விண்டோஸிலும் மேக்கிலும் அது அதே ஃபோல்டருக்குள் போய் விழும்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. தமிழுக்கு வருகிறேன். கொய்யா என்று ஃபைலுக்குப் பெயர் வைத்தால், ஒரு மென்பொருள் அந்த 'கொ'வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகப் பதியும், இன்னொன்று இரண்டு குறியாகப் பதியும். விரல் வைத்துப் படித்தாலும் வித்தியாசம் தெரியாது. லினக்ஸில் இரண்டு கொய்யா நிற்கும். இங்கே மட்டும் நான் இறங்கி வருவேன். தட்டச்சு செய்யும்போதே ஒரே வடிவமாக மாற்றிக் கொடுக்க வேண்டியது விசைப்பலகை மென்பொருளின் வேலை. வணக்கம்.