ஒரு எழுத்துக்கு 600 ரூபாயா?

வணக்கம் மக்களே. கையில் கட்டன்சாயா, பின்னால் கோழிச் சத்தம், நம்ம சேனல்தான், சந்தேகமே வேண்டாம். திற்பரப்பு வீடியோ அடுத்த வாரம். இன்றைக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

தக்கலையில் அக்கா கடை திறக்கப் போகிறாள் என்று சொன்னேனே, நோட்டு, பேனா, சார்ட் எல்லாம் விற்கிற கடை. நேற்று ஃப்ளெக்ஸ் வந்தது. ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் ஸ்டேஷனரி. ஆர் எழுத்துக்கு முன்னால் இ வர வேண்டும், ஏ போட்டு வைத்திருக்கிறார்கள். ஏ போட்டால் அசையாமல் நிற்பது என்று அர்த்தம். வியாபாரம் ஓடாது என்று நாமே போர்டு வைத்த மாதிரி!

எழுதிக் கொடுத்த தாளில் சரியாகத்தான் இருந்தது, போட்டோ இதோ. அடித்துக் கொடுத்தவரைக் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானே, வாசிச்சா ஒரே சத்தம்தானே" என்கிறார். மறுபடி அடிக்க முழுக்காசாம். பத்துக்கு நாலு, சதுர அடி 15 ரூபாய், 600. ஒரு எழுத்துக்கு! விடுவேனா? பேசிப் பேசி, அந்த எழுத்தை மட்டும் ஸ்டிக்கராக வெட்டி ஒட்ட வைத்தேன். 30 ரூபாய். 570 மிச்சம், மக்களே. ஸ்டிக்கரின் மஞ்சள் கொஞ்சம் பச்சையடிக்கிறது, பரவாயில்லை. ஆ, சொல்ல மறந்துவிட்டேன், ஃப்ளெக்ஸை அதற்குள் மேலே மாட்டியாகிவிட்டது. ஏறி ஒட்ட ஏணி எங்களுடையது. அதற்கு வாடகை கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. அதைப் பற்றி மட்டும் அங்கே நான் வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் 600 போயிருக்கும். இரண்டுக்கும் லத்தீனில் ஒரே வேர். இடைக்கால ஐரோப்பாவில் பலர் சரக்கைச் சுமந்து திரிந்து விற்றார்கள். ஓரிடத்தில் கடை போட்டு உட்கார்ந்த புத்தக வியாபாரிதான் ஸ்டேஷனர். லண்டனில் 1403-லேயே இவர்களுக்குச் சங்கம் இருந்தது. ஸ்டேஷனர் விற்பது ஸ்டேஷனரி, பேக்கருக்குப் பேக்கரி போல, அதே இ. மார்த்தாண்டம் முழுக்கப் பேக்கரிதான், ஒரு போர்டிலும் ஆருக்கு முன்னால் ஏ பார்த்ததில்லை.

இதனால்தான் இந்த மனப்பாடச் சூத்திரங்கள் எனக்குப் பிடிக்காது. பிரின்சிபல் உனக்கு 'பால்', அதாவது நண்பன், அதனால் கடைசியில் பி ஏ எல் என்று சொல்லிக் கொடுப்பார்கள். கடன் அசலுக்கும் அதே எழுத்துதான். அசல் யாருக்கு நண்பன்? கொள்கை என்கிற பிரின்சிபிள் மட்டும்தான் எல் இ-யில் முடியும்.

அப்புறம், போன வீடியோவில் மட்டிப்பழக் குலை கைநழுவியதற்கு ஒரு தம்பி ஆறுதல் எழுதியிருந்தார், நம்பிக்கையை லூஸ் பண்ணாதீங்க அண்ணா என்று. லூஸை ஆங்கிலத்தில் எழுதி இரண்டு ஓ போட்டிருந்தார். இரண்டு ஓ என்றால் தொளதொள. இழப்பதற்கு ஒரே ஓ, கடைசியில் வண்டு ரீங்காரம் போல ஒலிக்க வேண்டும். தமிழில் அந்த ஒலி இல்லை, அதனால் நம் வாயில் இரண்டுமே லூஸ். தம்பி, நம்பிக்கையைத் தொளதொள ஆக்காதீங்க என்றே எடுத்துக்கொண்டேன். நன்றி.