ட்ரினா ராபின்ஸ்: அழைப்புக்குக் காத்திராத கார்ட்டூனிஸ்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

காமிக்ஸ் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருகிறார்கள்? கதாபாத்திரங்களின் பெயர் உடனே வந்துவிடும். வரைந்தவர் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்போம். வரைந்த பெண் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் அநேகமாகப் பதிலே வராது. காமிக்ஸ் ஆண்பிள்ளைகள் சமாசாரம், பெண்கள் அதை வரைந்ததும் இல்லை, படித்ததும் இல்லை என்று ரொம்ப காலமாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு பொய் என்று ஆதாரத்தோடு நிரூபிக்கவே வாழ்நாளில் பாதியைக் கொடுத்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவின் ட்ரினா ராபின்ஸ். படம் வரையக் கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில் பல வருடமாக இவரைப் பற்றி யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

1938இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா தையற்காரர், அம்மா பள்ளி ஆசிரியை. நான்கு வயதிலேயே வாசிக்கக் கற்றுக்கொண்டு, கையில் கிடைத்த காமிக்ஸை எல்லாம் படித்தார். அதிலும் பெண் நாயகிகள் வரும் கதைகள் என்றால் விடமாட்டார். வளர்ந்த பிறகு தையல் அவருக்கும் தொழிலாயிற்று. அறுபதுகளில் ராக் இசைக்காரர்களுக்கு உடை தைத்துக் கொடுத்தார். பிறகு நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் சொந்தமாக ஒரு துணிக்கடை வைத்தார். கடையின் பெயர் புரோக்கொலி. அந்தப் பகுதி இளைஞர்கள் நடத்திய ஈஸ்ட் வில்லேஜ் அதர் என்ற பத்திரிகையில், 1966இல், அவருடைய படக்கதைகள் வர ஆரம்பித்தன. அவற்றில் சில அவருடைய கடைக்கே விளம்பரமாகவும் இருந்தன. தையலும் வரைதலும் அவர் கையில் கடைசிவரை பிரியவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படித்தான் அவர் அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் என்ற உலகத்துக்குள் வந்தார். சரி, அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் என்றால் என்ன? 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். விதிப்படி இருக்கிறது என்ற முத்திரை காமிக்ஸ் அட்டையில் இல்லாவிட்டால் விநியோகஸ்தர்கள் தொடமாட்டார்கள், கடைக்கே போய்ச் சேராது. பயமுறுத்தக் கூடாது, போலீஸைக் கேலி செய்யக் கூடாது, காமம் கூடவே கூடாது. அறுபதுகளின் கடைசியில் சில இளைஞர்கள் அந்த முத்திரையே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். தாங்களே அச்சடித்து, ஹிப்பிகள் வந்துபோகும் கடைகளில் வைத்து விற்றார்கள். 1968இல் ராபர்ட் கிரம்ப் என்ற கார்ட்டூனிஸ்ட் கொண்டுவந்த ஜாப் காமிக்ஸ்தான் இதற்குப் பெரிய தொடக்கம். சான் பிரான்சிஸ்கோ தெருவில் ஒரு குழந்தை வண்டியில் வைத்து அதை விற்றார்கள்.

போர், போதை, அரசியல், உடல் என்று எதைப் பற்றியும் வரையலாம் என்ற நிலை வந்தது. அந்தச் சுதந்திரம் பெண்களுக்கு எப்படி இருந்தது? அங்கேதான் சிக்கல். பல பக்கங்களில் பெண்ணை அடிப்பதும் பலாத்காரம் செய்வதும் சிரிப்புக்கான விஷயமாக வரையப்பட்டன. ட்ரினா இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வெளிப்படையாகக் கேட்டார். கிரம்பையே பெயர் சொல்லிக் கேட்டார். உனக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்றார்கள். அந்தப் புத்தகங்கள் எல்லாமே பலர் சேர்ந்து வரையும் தொகுப்புகள். ஒருவர் தொகுத்தால் நண்பர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு நாலு பக்கம் கேட்பார். ட்ரினாவை யாரும் கூப்பிடவில்லை. இலை போடாத பந்தியில் எத்தனை நேரம்தான் நின்றுகொண்டிருக்க முடியும்?

அவர் நிற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபோய், 1970இல், பார்பரா மெண்டஸ் என்ற ஓவியருடனும் ஒரு பெண்கள் பத்திரிகைக் குழுவுடனும் சேர்ந்து தானே ஒரு புத்தகம் போட்டார். இட் எய்ன்ட் மீ, பேப். லாஸ்ட் காஸ்ப் என்ற பதிப்பகம் அதை வெளியிட்டது. அமெரிக்காவில் முழுக்க முழுக்கப் பெண்களே உருவாக்கிய முதல் காமிக்ஸ் புத்தகம் அது. அட்டைப்படத்தில் வொண்டர் வுமன், பாப்பாயின் காதலி ஆலிவ் ஆயில், காட்டு ராணி ஷீனா, குட்டிப் பெண் லுலு எல்லோரும் கோபத்தோடு ஊர்வலம் போகிறார்கள். லுலுவின் கதைகளில் பையன்கள் ஒரு கிளப் வைத்திருப்பார்கள், கதவில் பெண்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருக்கும். அந்தக் கதவை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அந்த அட்டையைப் போட்டார்கள்.

1972இல் ட்ரினா உட்படப் பத்துப் பெண்கள் சேர்ந்து விம்மன்ஸ் காமிக்ஸ் என்ற தொடர் இதழைத் தொடங்கினார்கள். நிரந்தர ஆசிரியர் கிடையாது. ஒவ்வொரு இதழையும் ஒவ்வொருவர் தொகுப்பார். முதல் இதழைத் தொகுத்தவர் பாட்ரிசியா மூடியன். அதே இதழில் லோரா ஃபவுன்டன் ஒரு பதின்வயதுப் பெண்ணின் கருக்கலைப்பை வரைந்தார். கருக்கலைப்பு உரிமை பற்றிய அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு முந்தைய ஆண்டு அது. அலீன் கொமின்ஸ்கி தன் சொந்த வாழ்க்கையை அழகுபடுத்தாமல், கோணல்மாணலாக, அப்படியே வரைந்தார். இன்று தன்வரலாற்றுக் காமிக்ஸ் என்று கொண்டாடுகிறோமே, அதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. பின்னால் அலீனுக்கும் ட்ரினாவுக்கும் ஒத்துப்போகவில்லை. அலீன் பிரிந்துபோய், டயான் நூமினுடன் சேர்ந்து 1976இல் வேறு புத்தகம் போட்டார். இந்த மனஸ்தாபத்தால் படிக்கிறவர்களுக்கு நஷ்டமில்லை, இன்னொரு நல்ல புத்தகம் கிடைத்தது.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. அந்த முதல் இதழில் ட்ரினா, சாண்டி என்ற பெண், தான் பெண்களை விரும்புகிறவள் என்று வெளிப்படையாகச் சொல்லும் கதையை வரைந்தார். அமெரிக்கக் காமிக்ஸில் அப்படி வந்த முதல் கதை அது என்கிறார்கள். சாண்டி கற்பனை இல்லை, கிரம்பின் தங்கை சாண்ட்ராதான். போர்ட்லண்டில் இருந்த மேரி விங்ஸ் என்பவர் அதைப் படித்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வாழ்க்கையை வாழாத ஒருத்தி எப்படி இதை எழுதலாம் என்ற கோபம். என்ன செய்தார் தெரியுமா? பெண்கள் கராத்தே பழகிய ஒரு கூட்டுறவு இடத்தின் நிலவறையில் இருந்த அச்சு இயந்திரத்தில், தன் கதையைத் தானே வரைந்து, தானே அச்சடித்து, 1973இல் கம் அவுட் காமிக்ஸ் என்று வெளியிட்டார். பெண்களை விரும்பும் பெண்களைப் பற்றி ஒரு முழுக் காமிக்ஸ் புத்தகம் அதற்கு முன் கிடையாது. ட்ரினா வரைந்ததில் குறை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் குறையைப் பார்த்து இன்னொருத்தி பேனாவை எடுத்தாளே! ஒரு புத்தகம் இதைச் செய்தால் அதற்குமேல் நான் எதையும் கேட்கமாட்டேன்.

விம்மன்ஸ் காமிக்ஸ் 1992 வரை, 17 இதழ்கள் வந்தது. கூலி சொற்பம், விற்பனைக்கு இடம் குறைவு. 1973இல் ஆபாசம் எது என்பதை அந்தந்த ஊரின் அளவுகோலே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் கடைக்காரர்கள் பயந்துபோனார்கள். அதையும் தாங்கித்தான் வந்தது.

இப்போது நான் முதலில் சொன்ன ஆதாரத்துக்கு வருகிறேன். பெண்கள் வரையவே இல்லை என்று ட்ரினாவிடம் சொன்னவர்களுக்கு அவர் வாதம் செய்து பதில் சொல்லவில்லை. பழைய பத்திரிகைகளைத் தேடிச் சேர்த்தார். கிழிந்த பக்கம், மஞ்சளான ஞாயிறு மலர், எதையும் விடவில்லை. 1985இல் கேத்தரின் யிரோன்வோடுடன் சேர்ந்து முதல் வரலாற்று நூலை வெளியிட்டார். அடுத்தடுத்துப் பல நூல்கள். அவர் கண்டெடுத்தவர்களில் ஒருவர் நெல் பிரின்க்லி. 1907 முதல் நியூயார்க் நாளிதழ்களில் சுருள்முடிப் பெண்களை வரைந்தவர். அவர் பெயரில் கூந்தலைச் சுருட்டும் கிளிப்புகள்கூட விற்றன, பாட்டுகள் வந்தன. அத்தனை புகழ் பெற்றவரை வரலாறு மறந்துவிட்டது. ஜூன் மில்ஸ் என்பவர் தன் முதல் பெயரை விட்டுவிட்டு டார்ப்பி மில்ஸ் என்று கையெழுத்துப் போட்டு, 1941இல் மிஸ் ஃப்யூரி என்ற சாகசக்காரியைப் படைத்தார். டாலியா மெசிக் என்பவர் டேல் மெசிக் ஆனார். பெண் பெயரைப் பார்த்தாலே ஆசிரியர்கள் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதால்தான்.

அப்புறம் லில்லி ரெனே. வியன்னாவில் பிறந்த யூதப் பெண். 1939இல், நாஜிகளிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிய ரயில் ஒன்றில் ஏறி இங்கிலாந்து வந்தார். அங்கே வீட்டு வேலை செய்தார். பிறகு நியூயார்க்கில் பெற்றோரோடு சேர்ந்தார். போரினால் ஆண் ஓவியர்கள் ராணுவத்துக்குப் போக, காமிக்ஸ் நிறுவனங்களில் பெண்களுக்கு வேலை கிடைத்தது. லில்லி முதலில் அடுத்தவர் போட்ட பென்சில் கோடுகளை அழிக்கும் வேலை பார்த்தார். அங்கிருந்து வளர்ந்து, நாஜிகளை எதிர்க்கும் பெண் உளவாளி செனோரிட்டா ரியோவின் கதைகளை வரைந்தார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவரே நாஜிகளைத் தோற்கடிக்கும் கதையை வரைந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். எல். ரெனே என்றுதான் கையெழுத்து. படித்தவர்கள் ஆண் என்றே நினைத்தார்கள். ட்ரினா அவரைப் பற்றி எழுதினார். 2007இல், எண்பத்தாறு வயதில், சான் டியாகோ காமிக்ஸ் விழாவில் லில்லி ரசிகர்கள் முன் நின்றார். 2011இல் அவர் வாழ்க்கையை ட்ரினா ஒரு படக்கதை நூலாகவே எழுதினார். அப்போது லில்லிக்குத் தொண்ணூறு வயது. 2022 வரை, நூற்றொரு வயதுவரை, வாழ்ந்தார்.

பெண்கள் இருந்தார்கள். திரும்பச் சொல்கிறேன், இருந்தார்கள், வரைந்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள். பிற்பாடு காமிக்ஸ் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் சூப்பர் ஹீரோ ரசிகர்கள். அவர்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் எண்ணம்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986இல் ட்ரினா வொண்டர் வுமன் கதையை வரைந்தார். அந்த நாயகி தோன்றி நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஒரு பெண் அவளை ஒரு புத்தகத்துக்கு வரைந்தார்! அதே சமயத்தில் மிஸ்டி, கலிபோர்னியா கேர்ள்ஸ் என்று சிறுமிகளுக்கான கதைகள். தையலை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். படிக்கிற சிறுமிகள் உடைகளை வரைந்து அனுப்புவார்கள், ட்ரினா அதைக் கதாபாத்திரத்துக்குப் போட்டுவிட்டு அந்தச் சிறுமியின் பெயரையும் பக்கத்தில் அச்சிடுவார். இதைப் பற்றி விரிவாகப் பேச ஆசைப்பட்டேன், முடியவில்லை.

ட்ரினா 2024 ஏப்ரல் 10 அன்று, 85 வயதில், சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். விம்மன்ஸ் காமிக்ஸ் முழுவதும் 2016இல் இரண்டு தொகுதிகளாக வந்திருக்கிறது. உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், இல்லை என்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வணக்கம்.